‘மூன்றடி உயர்ந்து’: ஒரு ராப் குழுவின் முதல் தொகுப்பும் அது பெற்ற மதிப்பீடும்

புறக்கணிக்கப்பட்ட நூல்களைப் பற்றியும் பழிக்கப்பட்ட நூல்களைப் பற்றியும் நம் திறனாய்வுலகம் நிரம்பப் பேசியுள்ளது. போற்றப்பட்டமையாலேயே பிறழ உணரப்பட்ட படைப்புகளைப் பற்றிப் பேசியது குறைவு. அத்தகைய படைப்பு ஒன்றினை ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். அஃது ஏட்டில் எழுதப்பட்டதன்று. 1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ராப் இசைத்தொகுப்பு. ‘டி லா சோல்’ என்னும் மூவர் குழுவின் முதற்படைப்பாகிய அதற்கு ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ என்பது பெயர்.

தமிழ்த்துறை இதழில் இப்பொருள் இடம்பெறுதல் தகுமோ என்று வினவுவார் இருத்தல் கூடும். சொல்லை முதலாக உடைய ஒரு கலை. முன்னோர் ஆக்கியவற்றை எடுத்தாண்டு புதியது தொகுக்கும் நெறி. ஒரு படைப்பின்மேல் சூட்டப்பட்ட பெயர் அப்படைப்பினையே மறைத்த வரலாறு. மூலம் எட்டாதிருக்க அதனைப் பற்றிய உரைகள் மட்டும் எங்கும் உலவிய காலம். இவை நால்வகையானும் இத்தொகுப்பு நமக்குரிய ஆராய்ச்சிப் பொருளே என்க.

ராப் என்பது தாளத்திற்கு இயையச் சொற்களை இயைபுபட அடுக்கி ஓதிச் செல்லும் கலை. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 1970களில் கறுப்பின இளைஞரிடையே அது வளர்ந்தது. அதன் தோற்றம் பற்றி நூல்கள் பலவாதலின் விரிவு வேண்டா. டி லா சோல் குழுவினர் பிராங்ஸைச் சார்ந்தவர் அல்லர் என்பதே ஈண்டு நாம் நினைவிற்கொள்ள வேண்டுவது. நியூயார்க் நகரத்திற்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உள்ள அமிட்டிவில் என்னும் சிற்றூரில் பள்ளித் தோழராய் இருந்தவர் அவர். கெல்வின் மெர்சர், டேவிட் ஜோலிகூர், வின்சென்ட் மேசன் என்போர். அவ்வூரினரும், ‘ஸ்டெட்சசோனிக்’ என்னும் குழுவில் இசைத்தட்டு இயக்குநராய் இருந்தவரும் ஆகிய பால் ஹஸ்டன், அஃதாவது ‘பிரின்ஸ் பால்’, இத்தொகுப்பினை உருவாக்கித் தந்தார்.

மூவரும் தமக்கு இட்டுக்கொண்ட புனைபெயர்களே அவர்தம் சொல்லாட்டத்திற்குச் சான்று பகரும். மெர்சர் தம்மைப் ‘போஸ்ட்னூஸ்’ என்றார். ‘சவுண்ட்சாப்’ என்னும் தொடரின் எழுத்துக்களைத் தலைகீழாக எழுதின் அப்பெயர் கிடைக்கும். ஜோலிகூர் ‘ட்ருகோய்’ ஆனார்; அது தாம் விரும்பி உண்ட ‘யோகர்ட்’ என்னும் தயிரின் பெயரைப் புரட்டிப் போட்டது. சித்திரகவி பயின்றார்க்கு இவ்விளையாட்டு வியப்புத் தாராது. ஆயினும் ஒரு வேறுபாடு கருதற்குரியது. மாலைமாற்றில் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் சொல் மாறாது. இவர் பெயர்களிலோ பின்னிருந்து படித்தாலன்றிப் பொருள் விளங்காது. நேர்படப் படிப்பார்க்கு வெறும் ஓசை. புரட்டிப் படிப்பார்க்கு நகை. தொகுப்பு முழுதும் இம்முறையிலேயே அமைந்துள்ளது என்பது நம் கருத்து.

தலைப்பினையே எடுத்துக்கொள்வோம். ‘மூன்றடி உயர்ந்து மேலும் எழுகின்றது’ என்று அதனைத் தமிழாக்கலாம். அடி என்றதும் நம் மாணாக்கர்க்கு யாப்பு நினைவிற்கு வரும்; ஈண்டு அது வெள்ளத்தின் உயரம். ஜானி கேஷ் என்னும் நாட்டுப்புறப்பாணிப் பாடகர், தாம் இளமையில் கண்ட வெள்ளத்தை நினைந்து 1959இல் வெளியிட்ட பாடலில் நீர்மட்டம் அடியடியாக உயர்ந்து ஐந்தடி வரை எழுகின்றது. அப்பாடகரின் குரலில் ஒரு சிறு துண்டத்தை வெட்டியெடுத்துத் தம் பாட்டினுள் பதித்த இவர்கள், மூவராய் இருந்தமையின் மூன்றடியில் நிறுத்திக்கொண்டனர். வெள்ளையர் குடியானவர் ஒருவரின் வெள்ளப் பாட்டு, முப்பது ஆண்டு கழித்துக் கறுப்பின இளைஞர் மூவரின் வருகையை அறிவிக்கும் முழக்கமாய் மாறியது.

இவ்வாறு பிறர் பதிவிலிருந்து ஒலித்துண்டங்களை எடுத்து இணைத்தலை ‘சாம்ப்ளிங்’ என்பர். நாம் அதனை ‘ஒலியெடுத்தாளல்’ என வழங்குவோம். இத்தொகுப்பின் உயிர்நிலை அதுவே. இதற்கு முன் ராப் இசையினர் பெரும்பாலும் ஜேம்ஸ் பிரவுன் முதலிய கறுப்பின இசையாளரின் தாளக்கட்டுகளையே எடுத்தாண்டனர். டி லா சோல் அவ்வேலியைத் தாண்டியது. ‘ஐ நோ’ என்னும் காதற் பாட்டில் ‘ஸ்டீலி டான்’ குழுவின் ‘பெக்’ என்னும் பாடலும் ஓடிஸ் ரெடிங்கின் புகழ்பெற்ற சீழ்க்கையும் ஒன்றோடொன்று கலக்கின்றன. ‘சே நோ கோ’ என்பது போதைப்பொருளின் கேட்டினைக் கூறும் பாட்டு. அதன் அடித்தளமோ ஹால், ஓட்ஸ் என்னும் இருவரின் இனிய காதற்பாடல். ‘தி மேஜிக் நம்பர்’ என்பது சிறுவர்க்குப் பெருக்கல் வாய்பாடு கற்பித்த 1970களின் தொலைக்காட்சிப் பாடலினின்றும் பிறந்தது. வாய்பாட்டுப் பாட்டையும் துள்ளிசையையும் நாட்டுப்புறப்பாட்டையும் ஒரே தட்டில் இட்டவர் இவர்க்கு முன் அரியர்.

எடுத்தாளப்பட்ட பகுதி தன் பழைய பொருளை முற்றும் இழப்பதில்லை. புதிய இடத்தில் அப்படியே நிற்பதுமில்லை. காதலியை நோக்கி ‘அதற்கு மட்டும் என்னால் இசைய இயலாது’ என்று மறுக்கும் பழம்பாடலின் இசை, போதைப்பொருளை மறுக்கும் பாட்டுக்கு அடித்தளமாகும்பொழுது, மறுப்பு என்னும் ஒன்றே நின்று மறுக்கப்படும் பொருள் மாறுகின்றது. பழம்பாடலை அறிந்த செவி இரண்டையும் ஒருங்கே கேட்கும். அறியாத செவிக்கும் பாட்டு நிரம்பியதாகவே தோன்றும். உரையாசிரியர் சிலர் பெயர் சுட்டாது ஆளும் மேற்கோளும் இவ்வாறே இருதிறத்தார்க்கும் பயன்படுவதனை நாம் அறிவோம்.

தொகுப்பில் 24 பகுதிகள் உள. அவை தொலைக்காட்சி வினாவிடைப் போட்டி ஒன்றினுள் வைக்கப்பட்டுள்ளன. ஒரு கோழிக்கு இறகுகள் எத்தனை என்றாற்போல விடையிறுக்க இயலாத வினாக்கள் போட்டியாளரிடம் விடுக்கப்படுகின்றன. பாட்டின் இடையே நிகழும் இத்தகைய சிறு நாடகம், இத்தொகுப்பிற்குப் பின் ராப் இசையில் ஒரு மரபாகவே நிலைபெற்றது. பின்வந்தோர் பலரிடத்து அது சலிப்பூட்டும் வழக்கமாயிற்று என்பதையும் ஒளியாது சொல்லல் வேண்டும்.

பொருள் வகையால் நோக்கின் இத்தொகுப்பு வெறும் களிப்பு அன்று. ‘கெட்டோ தாங்’ வறுமைச் சூழலில் வளரும் சிறாரின் நிலையை நகையின்றிப் பேசுகின்றது. ‘ட்ரெட் வாட்டர்’ முதலை, அணில் முதலிய உயிர்களின் வாயிலாக அறிவுறுத்தும் கதைப்பாட்டு. ‘பாட்ஹோல்ஸ் இன் மை லான்’ என்பது தனித்து நோக்கத்தக்கது. ‘என் புல்வெளியிற் பள்ளங்கள்’ என்பது அத்தலைப்பின் பொருள். புல்வெளி என்பது பாவலனின் சொற்களஞ்சியம். பள்ளங்கள், பிற பாவலர் களவாடிச் சென்ற அடிகள் இருந்த இடங்கள். தம் சொற்களைப் பிறர் திருடுகின்றனர் என்னும் முறையீடே அப்பாட்டு. அம்முறையீடு ‘பார்லிமென்ட்’ என்னும் குழுவின் பதிவினின்றும் எடுத்த ஒலியின்மேல் அமைந்துள்ளது. சொல்லைக் கவர்தல் களவு, ஒலியைக் கவர்தல் கலை என்பது இவர்தம் கொள்கை போலும். அக்கொள்கையினை நாம் முழுதும் உடன்படுகின்றோம் அல்லோம். ஆயினும் பின்னர் நீதிமன்றத்தில் நிகழ்ந்ததனை உணர்தற்கு அது மனத்திற் கொள்ளத்தக்கது.

இனி மதிப்பீட்டிற்கு வருவோம். வெளிவந்த ஆண்டிலேயே இத்தொகுப்பு பெற்ற புகழ் பெரிது. நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் ஆண்டுதோறும் திறனாய்வாளரிடையே நடத்திய வாக்கெடுப்பில் 1989ஆம் ஆண்டிற்குரிய முதலிடம் இதற்கே கிடைத்தது. நீல் யங்கின் ‘ஃப்ரீடம்’ அடுத்து நின்றது. இங்கிலாந்தின் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ இதழும் அவ்வாண்டின் சிறந்த தொகுப்பாக இதனையே தேர்ந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் மைக்கேல் அசெராட் இதனை முதல் ‘சைக்கடெலிக்’ ஹிப் ஹாப் தட்டு என்று குறித்தார். அச்சொல் 1960களின் மயக்க இசையினையும் மலர் சூடிய வெள்ளை இளைஞரையும் நினைவூட்டுவது. ராபர்ட் கிறிஸ்ட்கௌ, ராப் இசையின் வகுப்பு வரலாற்றில் வைத்து இதனை நோக்கினார். பங்க் இசைக்குப் பின் ‘புதிய அலை’ தோன்றியவாறு போலப் ‘பப்ளிக் எனிமி’ குழுவிற்குப் பின் இவர்கள் தோன்றினர் என்பது அவர் நோக்கு.

மேற்கூறிய வாக்கெடுப்பில் 1988ஆம் ஆண்டிற்குரிய முதலிடம் பெற்றது பப்ளிக் எனிமியின் தொகுப்பு. அது சினமும் அரசியலும் மிக்கது. அக்காலத்தே கலிஃபோர்னியாவின் ‘என்.டபிள்யூ.ஏ.’ குழுவினரின் வன்மொழிப் பாட்டுகளும் பெருவழக்காய் இருந்தன. அச்சூழலில், மஞ்சள் வண்ண அட்டையில் மலர்கள் சூழச் சிரித்த மூவரைத் திறனாய்வாளர் கண்டனர். கண்டார்க்கு அஃது ஆறுதல் அளித்தது. அவ்வாறுதலே மதிப்பீடாய் மாறியது. நூலை மதித்தார் பலர் தம் அச்சம் நீங்கியமைக்கு நன்றி கூறினரோ என்று ஐயுறுகின்றோம்.

‘ஹிப்பி’ என்னும் பெயர் அவ்வாறு ஒட்டிக்கொண்டது. அதற்குக் கருவியாயது ஒரு மலர். குழுவினர் தம் பாட்டுகளில் ‘டெய்சி காலம்’ என்று ஒன்றனைக் கூறினர். ஈண்டு டெய்சி என்பது மலர்ப்பெயர் அன்று. ‘உள்ளிருந்து எழும் ஓசை’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாற் கூட்டிய சொல். ‘கிரே ஆர்கனைசேஷன்’ என்னும் பிரித்தானிய ஓவியர் குழுவினர் அட்டையில் மலர்களை வரைந்தனர். மலர் நிலைத்தது, ஓசை மறைந்தது. நம் சங்கப் புலவருள் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்போர் ஒரு பாட்டின் ஒரு தொடரால் பெயர் பெற்றனர். அங்கே இயற்பெயர் தெரியாமையின் தொகுத்தோர் தொடரைப் பெயராக்கினர். அத்தொடரும் பாட்டின் உயிரான இடத்தினின்றும் எடுக்கப்பட்டது. இங்கோ பெயர் தெரிந்திருந்தும், அட்டையை நோக்கிப் பெயரிட்டனர்.

இப்பெயரினை மறுக்கும் பகுதி அத்தொகுப்பினுள்ளேயே உளது என்பது நாம் வலியுறுத்த விரும்புவது. அவர்களுக்குப் பெரும்புகழ் தந்த ‘மீ மைசெல்ஃப் அண்ட் ஐ’ என்னும் பாட்டில், தம்மை ஹிப்பிகள் என்பாரை நேரே சுட்டி, அது பொய் என்று வெளிப்படையாய் மறுக்கின்றனர். கறுப்பிசைக்குரிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாட்டு அது. எவரும் கேளாது விட்ட மூலைப்பாட்டு அன்று. அதன் காட்சிப்படத்திலும், பொற்சங்கிலி அணியாமையால் ராப் வகுப்பறையில் எள்ளப்படும் மாணவராகவே மூவரும் தோன்றுகின்றனர். படைப்பாளன் தன் நூலினுள்ளேயே மறுத்த ஒன்றை அந்நூலின் இலக்கணமாகக் கூறுதல் எங்ஙனம் நிகழ்ந்தது? பாட்டினைக் கேட்டார், அட்டையினைப் பார்த்தார். இரண்டும் மாறுபட்டபோது கண்ணையே நம்பினார் என்பதன்றி வேறு விடை நமக்குத் தோன்றவில்லை. அட்டையும் படைப்பின் பகுதிதானே எனின், ஆம். ஆயினும் அட்டை சொல்வதனைப் பாட்டு மறுக்குமாயின் அம்முரணன்றோ ஆராயத்தக்கது?

குழுவினர் இதற்கு விடை எழுதினர். 1991இல் வெளிவந்த இரண்டாம் தொகுப்பின் பெயர் ‘டி லா சோல் இறந்தது’ என்னும் பொருளது. அதன் அட்டையில் டெய்சி மலர்த்தொட்டி கவிழ்ந்து உடைந்து கிடக்கின்றது. உள்ளமைப்பு அதனினும் கூரியது. குப்பையிற் கிடந்த டி லா சோல் ஒலிநாடா ஒன்றைச் சிறுவன் ஒருவன் கண்டெடுக்கின்றான். முரட்டுச் சிறுவர் சிலர் அதனைப் பறித்துக்கொண்டு, பாட்டுகளின் இடையிடையே இகழ்ந்து பேசி, இறுதியில் மீண்டும் குப்பையில் எறிகின்றனர். தம் நூல் பெறப்போகும் மதிப்பீட்டைத் தாமே எழுதி நூலினுள் வைத்துவிட்டனர் என்க. அவையடக்கம் பாடிய புலவர் பலரை நாம் அறிவோம். அவையின் ஏளனத்தையே நூலின் சட்டகமாக ஆக்கியது புதிது. முதல் தொகுப்பினும் இது ஆழமுடையது என்பாரும் உளர். நாம் அக்கருத்தினைச் சாரினும், முதலதனை அறியாதார்க்கு இரண்டாவதன் கசப்பு விளங்காது என்று கொள்கின்றோம்.

திறனாய்வு ஒருபுறம் இவ்வாறு நிற்க, மற்றொருபுறத்தில் சட்டம் எழுந்தது. தொகுப்பில் ‘ட்ரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்’ என்னும் சிறு இடைப்பகுதி ஒன்று உளது. பிரெஞ்சு மொழி கற்பிக்கும் இசைத்தட்டின் குரலுக்கு அடியில் ‘டர்ட்டில்ஸ்’ குழுவினரின் 1968ஆம் ஆண்டுப் பதிவான ‘யூ ஷோட் மீ’ என்பதன் சில நொடிகள் மெதுவாக்கப்பட்டுச் சுழன்று வரும். பல எடுத்தாளல்களுக்கு இசைவு பெறப்பட்டிருந்தது, இதற்குப் பெறப்படவில்லை. டர்ட்டில்ஸ் குழுவினர் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு வருமுன் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் 1991 டிசம்பரில், பிஸ் மார்க்கி என்னும் மற்றொரு ராப் கலைஞர் கில்பர்ட் ஓசல்லிவனின் பாடலை எடுத்தாண்டமை பற்றிய வழக்கில் நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பளித்தார். களவு செய்யாதே என்னும் விவிலியக் கட்டளையோடு அத்தீர்ப்பு தொடங்குகின்றது. அதன்பின் இசைவின்றி ஒலியெடுத்தாளுதல் எவர்க்கும் இயலாததாயிற்று. இசைவுக்குரிய பொருட்செலவோ பெருகியது. ஒரே பாட்டில் பல துண்டங்களைக் கோக்கும் கலை அவ்வளவில் அருகியது. உரிமையாளர்க்கு ஊதியம் சேரவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. சில நொடித் துண்டத்தையும் முழுப்பாடலின் தழுவலையும் ஒரே தராசில் நிறுத்தியதே குறை என்போம்.

இத்தொகுப்பிற்கு அதனாலும் பெரிய இடர் பின்னர் நேர்ந்தது. பதிப்பாராய்ச்சி செய்வார் உற்று நோக்கத்தக்கது அது. 1980களின் இசைவு ஒப்பந்தங்கள் இசைத்தட்டு, ஒலிநாடா என்று அக்கால ஊடகங்களின் பெயரைச் சுட்டி எழுதப்பட்டவை. இணையவழிக் கேட்பு வந்தபொழுது அச்சொற்கள் அதனைத் தழுவுமோ என்னும் ஐயம் எழுந்தது. ஒவ்வோர் எடுத்தாளலுக்கும் மீண்டும் இசைவு பெறவேண்டியதாயிற்று. அதனை மேற்கொள்வார் இலர். எனவே உலகின் இசையெல்லாம் இணையத்திற் குவிந்த காலத்தே இத்தொகுப்பு மட்டும் ஆண்டு பல அங்கு இல்லாதிருந்தது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம், பாதுகாத்தற்குரிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் 2010ஆம் ஆண்டிற்குரிய தேர்வாக இதனைச் சேர்த்தது. நாட்டின் கருவூலத்தில் இடம்பெற்ற நூல் கடைத்தெருவில் அரிதாயிற்று. பழைய தட்டு உடையார் கேட்டனர். ஏனையோர் அதனைப் பற்றிப் படித்தனர். தகடூர் யாத்திரையையும் வளையாபதியையும் சிதறிய செய்யுட்களாலும் உரைக்குறிப்புகளாலும் மட்டுமே அறியும் நமக்கு இந்நிலை புதிதன்று. அங்கே செல்லும் காலமும் செய்தன. இங்கே ஒப்பந்தச் சொல் செய்தது.

நூல் எட்டாத அவ்வாண்டுகளில் பழைய மதிப்பீடே நூலாக நின்றது. மலர், அமைதி, களிப்பு என்னும் சொற்கள் ஒரு கட்டுரையினின்றும் மற்றொரு கட்டுரைக்குப் பெயர்ந்தன. ‘கெட்டோ தாங்’ பாட்டைக் கேட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பு இளையோர் பலர்க்கு இல்லை.

2014 பிப்ரவரி 14ஆம் நாள் குழுவினர் தம் பழைய தொகுப்புகளை 25 மணி நேரம் இணையத்தில் விலையின்றி வழங்கினர். தம் படைப்பைத் தாமே பரப்புதற்கு வேறு வழி காணாமையின் செய்த செயல் அது. 2019இல் அவற்றை இணையக் கேட்புத்தளங்களில் ஏற்ற ‘டாமி பாய்’ நிறுவனம் முனைந்தபோது, வருவாய்ப் பங்கீடு நேரியதன்று என்று குழுவினர் வெளிப்படையாய் எதிர்க்க, அம்முயற்சி நின்றது. 2021இல் ‘ரிசர்வாயர்’ நிறுவனம் டாமி பாயினை விலைக்கு வாங்கியபின் உடன்பாடு ஏற்பட்டது. இசைவு பெறும் பணி ஒவ்வொன்றாய் நடந்தது. குழுவினரின் தொகுப்புகளில் ஒரு சில எடுத்தாளல்களை மாற்றியோ மீண்டும் வாசித்துப் பதிந்தோ அமைக்க நேர்ந்தமையின், பழைய தட்டிற்கும் புதிய வெளியீட்டிற்கும் இடையே பாடவேறுபாடுகளும் தோன்றியுள்ளன. அவற்றை ஒப்புநோக்கி அட்டவணை செய்தல் ஆராய்ச்சி மாணாக்கர்க்கு ஏற்ற பணியாகும்.

2023 மார்ச் 3ஆம் நாள் தொகுப்பு இணையத்தில் வெளிவந்தது. தயிரின் பெயரைப் புரட்டித் தம் பெயராக்கிய டேவிட் ஜோலிகூர் அவ்வாண்டு பிப்ரவரி 12ஆம் நாள், தம் 54ஆம் அகவையில் காலமானார். இடைப்பட்டன 19 நாட்கள்.